விலக்கி வைத்த வானம்

சிலுவைத்துறை ஊர் இஞ்ஞாசியின் குடும்பத்தை விலக்கி வைத்த அன்று, கமிட்டித் தலைவர் பெல்லார்மின் கொடிமரத்தடியில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இனி அந்த வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை, கடையில் சாமான் இல்லை, கடலில் கூட்டு இல்லை, கல்லறையில் இடம் இல்லை, அவர்களுக்கும் நமக்கும் இந்த உலகத்தில் பொதுவாக எதுவுமே இல்லை என்று அறிவித்தார். அவர் சொன்னதில் மற்ற எல்லாவற்றையும் ஊர் நிறைவேற்றியது, கடைசியாகச் சொன்னதை வானம் நிறைவேற்றியது.

அது அவருடைய உடன்பிறந்த தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு. தங்கையின் பெயர் சிந்தாத்திரை. அறிவிப்பு நடந்தபோது அவள் வாசலுக்கு வரவில்லை; தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்; 'எதுவுமே இல்லை' என்று அண்ணன் குரல் முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஜாக்கெட்டை மடித்து வைத்தாள். அதை வாங்கிப்போக அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

குற்றம் இதுதான். கடலுக்கடியில் மீன் அடையும் ஒரு பாறைத் திட்டுக்காகச் சிலுவைத்துறையும் கல்லுமுனையும் தலைமுறையாக வெட்டிக்கொண்டிருந்தன. கல்லுமுனைக்காரன் கடலில் எந்த நிலையில் கிடந்தாலும் அவனுக்குக் கயிறு போடக்கூடாது என்பது சிலுவைத்துறையின் சட்டம். எஞ்சின் செத்து நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு கல்லுமுனை வள்ளத்தை இஞ்ஞாசி பார்த்தான், அதில் இரண்டு பேர் நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்த்தான், கயிறு போட்டான், அவர்களுடைய கரை தெரியும் தூரம் வரை கட்டி இழுத்துக்கொண்டுபோய் அவிழ்த்துவிட்டான். கல்லுமுனையிலும் ஒரு கமிட்டி இருந்தது. எதிரியின் கயிற்றைப் பிடித்ததற்காக அந்த இரண்டு பேரையும் அங்கே விலக்கி வைத்தார்கள் என்று கேள்வி. ஆகவே அந்தப் பக்கமிருந்து நன்றி சொல்லக்கூட யாரும் வரவில்லை.

"கயிறு போட்டது போகட்டும். கமிட்டியில கேட்டப்ப ஆமான்னு எதுக்குச் சொன்னிய?" என்று சிந்தாத்திரை கேட்டாள்.

"கேட்டாங்க. சொன்னேன்."

"உங்க நாக்குல சனி. உங்க வள்ளத்துல கூட இருந்த ரெண்டு பேரும் தூங்கிட்டோம்னு சொல்லித் தப்பிச்சுட்டானுவ. நீங்களும் தூங்கியிருக்கக் கூடாதா?"

"தூங்குறவன் எப்படிட்டி கயிறு போடுவான்?" என்றான் இஞ்ஞாசி. அவன் அப்படித்தான். அவனோடு சண்டை போடுவது ஈர மணலில் ஆணி அடிப்பது போல.

உள் அறைக் கட்டிலில் அவன் அப்பா கயித்தான் கிடந்தார். கால் இரண்டும் வீங்கி, எழுந்திருக்க முடியாமல், வாய் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் கிடந்தார். மகனை அவர் மன்னிக்கவில்லை. "ஏ பிள்ள, உம் புருசன் போட்ட கயிறு கல்லுமுனைக்காரன் வள்ளத்துல விழல, எங் கழுத்துல விழுந்திருக்கு" என்பார். அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். தன் மனைவி மோனிக்காவுக்குப் பக்கத்தில், கல்லறைத் தோட்டத்தின் தென்மூலையில், வேப்பமரத்தடியில் தன்னை வைக்க வேண்டும். "உசுரோட இருந்த வரைக்கும் பக்கத்துல படுக்க விட்டதில்ல அவ. குடிச்சுட்டு வந்திருக்கேன்னு வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவா. செத்தாவது படுக்கணும்." இப்படிச் சொல்லிவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொள்வார், அந்தப் பிடியில் மட்டும் ஏச்சு இருக்காது. "நீ பாத்துக்குவியா? அவன் பாக்க மாட்டான். நீ பாத்துக்கிடணும்."

"பாத்துக்கிடுதேன் மாமா" என்று சிந்தாத்திரை சொல்லியிருந்தாள். சொன்ன சொல் அவளுக்குள் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது.

விலக்கப்பட்டவன் வள்ளத்தில் ஏற ஆள் கிடையாது, சொசைட்டியில் டீசல் கிடையாது. இஞ்ஞாசி எஞ்சினைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஒரு சவுக்குக் கம்பை நட்டு, பாய் கட்டிக் கடலுக்குப் போவது என்று தீர்மானித்தான். பாய்க்குத் துணி இல்லை. போன திருவிழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆடுகளுக்குக் கூரையாகக் கிடந்தது. அதில் மாதா ஓரமாகச் சின்னதாகவும், கைகூப்பி அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கும் பெல்லார்மின் நடுவில் பெரிதாகவும் இருந்தார்கள். சிந்தாத்திரை அதை இழுத்துவந்து கழுவி, ஓரம் மடித்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுப் பாய் ஆக்கினாள்.

"இதப் போயி எப்படிட்டி கட்டுறது?" என்றான் இஞ்ஞாசி.

"எங்கண்ணன் தண்ணி தர மாட்டான். காத்தாவது தரட்டும்."

பொம்பளை ஏறிய வள்ளத்துக்கு மீன் முகம் காட்டாது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. ஆனால் சுக்கான் பிடிக்க ஒரு கை, பாய்க்கயிறு பிடிக்க ஒரு கை, தூண்டில் இழுக்க ஒரு கை என்று கைகள் வேண்டியிருந்ததால் மிஞ்சிய ஒரே ஆளாக அவள் ஏறினாள். கரையில் நின்றவர்கள் காறித் துப்பினார்கள். அவர்கள் தன்னைப் பார்த்துத் துப்புகிறார்களா, தலைவர் முகம் பாயில் வளைந்து இளிப்பதைப் பார்த்துத் துப்புகிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

கரை விளக்குகள் தண்ணீருக்குள் இறங்கி மறைந்த பிறகு, நான்கு பக்கமும் கடலைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில், குமட்டி வாந்தி எடுத்துக் களைத்து அவள் வள்ளத்தின் விளிம்பில் தலை சாய்த்திருந்தபோது இஞ்ஞாசி, "மேல பாரு" என்றான்.

"மேல பாத்து என்னத்தக் கிழிக்க?"

ஆனாலும் பார்த்தாள். கரையில் பிறந்து கரையில் வளர்ந்து கடலையே தின்று வாழ்ந்தவள்தான், ஆனால் வானம் என்றால் அவளுக்குத் தெருவிளக்குக்கு மேலே இருக்கும் சாம்பல் நிறம், அதில் ஒன்றிரண்டு புள்ளி, அவ்வளவுதான். இப்போது அவள் தலைக்கு மேலே உப்பளத்தில் உப்பு விளைந்து கிடப்பதுபோல வெள்ளிகள் விளைந்து கிடந்தன. அள்ள ஆளில்லாமல் அள்ள அள்ளக் குறையாமல் கிடந்தன; பாய்மரத்தின் நுனி அவற்றைக் கிளறிக்கொண்டே போனது, அலை ஏறும்போது அவை கீழே இறங்கின, அலை இறங்கும்போது மேலே போயின, வள்ளத்தின் ஓரத்தில் தண்ணீர் நீலமாக மின்னி அவற்றுக்குப் பதில் சொன்னது, வானம் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்கியது என்று கேட்டால் சொல்ல முடியாது. அழகாக இருந்தது என்று அவளால் சொல்லியிருக்க முடியும். அவள் சொல்லவில்லை. அத்தனையும் சேர்ந்து, தண்ணீர்க் குழாயடியில் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிற பெண்கள் மாதிரி, வாயைத் திறக்காமல் உற்றுப் பார்த்தன.

"முறைக்காளுவ பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவள் வெள்ளிகளோடு பேச ஆரம்பித்தாள். கரையில் பேச ஆளில்லை, புருஷனோடு பேச மனமில்லை, நாக்குக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. ஆறாமீன் என்கிற வெள்ளிக் கூட்டத்தைக் கமிட்டி என்று வைத்தாள். "என்ன, கூடிக் கூடிப் பேசுதிய? இன்னும் யாரு வீட்டுல மண்ணள்ளிப் போடணும்?" என்பாள். தெற்கே தாழ்வாகச் சாய்ந்து நிற்கும் குருசுவெள்ளியைச் சாமியார் என்று வைத்தாள், ஏனென்றால் பங்குச் சாமியாரும் ஊர் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். சிவப்பாகத் துடிக்கும் ஒன்றைப் பக்கத்து வீட்டு றெஜினாள் என்றாள். அவளோடு சேர்ந்துதான் இத்தனை வருஷம் சிந்தாத்திரை மீன் விற்கப் போனாள். "நீ கூடவா றெஜினா? எம் மிஷின்ல தச்ச சட்டையப் போட்டுக்கிட்டு நீ கூடவா?" இப்படி அவள் ஏச ஏச இஞ்ஞாசி சுக்கானைப் பிடித்தபடி சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவான். வெள்ளிகள் ஏச்சை வாங்கிக்கொண்டு மினுங்கும். நாளாக ஆக, பொழுது சாய்ந்ததும் அவளுக்குக் கடலுக்குப் போகாமல் இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

மற்ற வள்ளங்களில் வானம் இல்லை என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேகமில்லை, மழைக்கோப்பு இல்லை, அமாவாசைக்குரிய இருட்டும் இல்லை. மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். முதலில் ஒவ்வொருவனும் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தான். பிறகு கண் முகாமுக்குப் போனார்கள், டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து விட்டுக்கொண்டு போனாலும் வானம் தார் பூசிய மாதிரிதான் இருந்தது. நஷ்டம் ஒன்றுமில்லை என்று கமிட்டி சொன்னது. ஜிபிஎஸ் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, வெள்ளி பார்த்து வழி கண்டுபிடித்த காலம் போய்விட்டது, மேலே பார்த்து வேலை செய்கிறவன் யார்? எல்லாம் சரிதான். ஆனால் மேலேயும் கறுப்பு கீழேயும் கறுப்பு என்று இருந்த கடலில் அவர்களுக்கு நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பழகிய ஆட்களுக்கே வாந்தி வந்தது. வலையை இறக்கிவிட்டு மல்லாந்து படுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தங்களையறியாமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அது போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் யாரோ பாய்க்கு மேலே வானம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இஞ்ஞாசியின் வள்ளத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரத்துக்குள் போனால் வெள்ளி தெரிந்தது. அதைத் தாண்டினால் அணைந்தது. கூப்பிடு தூரத்தில் போய் நின்றுகொண்டு கூப்பிடாமல் இருப்பது என்பது சிலுவைத்துறைக்காரர்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆகவே ஒவ்வொரு நாளும் பொழுது சாய்ந்ததும் பாயைச் சுற்றி வள்ளங்கள் வந்து நின்றன. எஞ்சினை நிறுத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். மல்லாந்து படுத்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அலை தட்டுகிற சத்தமும் யாராவது இருமுகிற சத்தமும் மட்டும் கேட்கும். நடுவில் சிந்தாத்திரையின் குரல், "வந்துட்டானுவ பாரு, மானங்கெட்டவனுவ" என்று வெள்ளிகளிடம் சொல்வது கேட்கும். விலக்கின் சட்டப்படி அதற்குப் பதில் சொல்ல முடியாததால் அத்தனை ஆம்பிளைகளும் படுத்தபடியே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

கமிட்டி கூடியது. விலக்கப்பட்டவன் தலைக்கு மேலே இருப்பதைப் பார்ப்பது அவனிடமிருந்து ஒன்றை வாங்குவது ஆகுமா ஆகாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பார்வை கையில் வாங்குகிற பொருளல்ல என்று ஒரு கட்சி. நாளைக்கு அவன் வீட்டு மாங்காயையும் பார்த்தால் பசி அடங்கிற்று என்பாயா என்று இன்னொரு கட்சி. பார்க்கலாம், ஆனால் ரசிக்கிற மாதிரி உச்சுக்கொட்டக் கூடாது, 'அடேயப்பா' சொல்லக் கூடாது, வாய் பிளந்து பார்த்தால் தண்டனை உண்டு என்று கடைசியில் முடிவானது. அதைக் கண்காணிக்க ஓர் ஆளையும் போட்டார்கள். வாயைப் பிளந்து பார்த்ததில் முதலில் பிடிபட்டவன் அவன்தான்.

பெல்லார்மினுக்கு மட்டும் வேறு யோசனை இருந்தது. பாயில் இருப்பது தன்னுடைய முகம். வெள்ளிகள் வந்திருப்பது அதைப் பார்க்கத்தான் என்பது அவர் முடிவு. இதைச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை. அதே படத்தை இன்னும் பெரிதாக அடித்து ஊர் வள்ளங்கள் எல்லாவற்றிலும் கட்டச் சொன்னார், கட்டினார்கள். ஒருநாள் முழு ஊரும் பெல்லார்மின்களாகக் கடலுக்குப் போனது. முன்னால் பெல்லார்மின், பின்னால் பெல்லார்மின், இடத்திலும் வலத்திலும் கைகூப்பிச் சிரிக்கும் பெல்லார்மின். வானம் திறக்கவில்லை, எஞ்சின் காற்றில் ஃபிளெக்ஸ் கிழிந்து ஒரு வள்ளத்தின் புரொப்பெல்லரில் தலைவர் சுற்றிக்கொண்டதுதான் மிச்சம். அன்றைக்குக் கரையில் சிரித்தவர்களின் பெயர்களை அவர் மனதில் வைத்துக்கொண்டார். தங்கையை எல்லோருக்கும் முதலாவதாக வைத்தார்.

காற்று திரும்பிக் கச்சான் அடிக்கத் தொடங்கியபோது கயித்தானுக்கு வீக்கம் வயிறுவரை ஏறியது. ஏச்சு குறைந்தது. ஏச்சு குறைந்ததும் சிந்தாத்திரைக்குப் பயம் வந்தது. அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். விலக்கப்பட்டவர்களோடு பேசினால் குற்றம், கோழியோடு பேசினால் குற்றமில்லை. ஆகவே பெல்லார்மின் முற்றத்தில் மேய்ந்த செவலைக் கோழியைப் பார்த்தார்.

"ஏ கோழி, இங்க யாரு வந்து நிக்கா?" என்றார்.

"ஏ கோழி, மாமாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அத்தை பக்கத்துல ஒரு குழி வேணும். வேற எதுவும் கேக்க வரலன்னு சொல்லு."

"ஏ கோழி, அவ புருசன் கொடிமரத்தடியில முட்டி போட்டு, கயிறு போட்டது தப்புன்னு ஊரு முன்னால சொல்லட்டும். கல்லறைத் தோட்டத்துக் கேட்டு தொறக்கும்."

"சொல்ல வைக்கேன்."

"ஏ கோழி, அத ஒங்கிட்ட சொல்லச் சொல்லு" என்றார் பெல்லார்மின்.

"சொல்ல வைக்கேன் கோழி" என்றாள் அவள். கோழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் கயித்தான் செத்துப்போனார். மணி அடிக்கவில்லை. பெட்டி செய்கிற ஆசாரி கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். இன்று ஊர்க் கணக்கில் சாவு எதுவும் விழவில்லை, ஆகவே எல்லா வள்ளங்களும் வழக்கம்போலப் போகலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

இஞ்ஞாசி சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடிமரத்தடிக்குப் போனான். மனைவி சொல்லித்தான் போனான் என்றும், அவள் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கூட்டம் நின்று பார்த்தது. சுடுமணலில் முட்டி போட்டான்.

"தப்புத்தான்" என்றான். குரல் வெளியே வந்தது.

பெல்லார்மின் இப்போது கோழியைத் தேடவில்லை. நேரே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கேட்டிய இல்லையா? இனி கல்லுமுனைக்காரன் கடல்ல செத்துக்கிட்டிருந்தாலும் நான் கயிறு போட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

செய்ததைத் தப்பு என்று சொல்ல இஞ்ஞாசியால் முடிந்தது, அப்பாவுக்காக அதைச் சொன்னான். செய்யப்போவதைப் பற்றிப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. எழுந்து முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான். கூட்டத்துக்குள் இருந்த மனைவியை நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகம் செத்திருந்தது, ஏனென்றால் அப்பாவின் குழி இந்தத் தட்டலோடு மூடிப்போயிற்று என்று இருவருக்கும் தெரியும், அவள் சொல்லப்போவதை ஊரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு வருஷமாக அவனை வாய்க்கு வாய் கரித்துக் கொட்டியவள், "வாங்க, மாமா தனியாக் கெடக்காரு. போவோம்" என்றாள்.

கோரைப் பாயில் சுற்றிய உடம்பை இரண்டு பேரும் தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவராகத் தூக்கித் தெரு வழியாக வந்தார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. றெஜினாளின் ஜன்னல் மட்டும் மூடாமல், திறக்கவும் செய்யாமல் பாதியில் நின்றது. வள்ளத்தில் உடம்பைக் கிடத்தினார்கள், காலடியில் வலைக் கல்லுகளை ஏற்றினார்கள், காற்று எங்கே கொண்டுபோனதோ அங்கே போனார்கள். கரை மறைந்தது, வெயில் மறைந்தது, வெள்ளிகள் வந்தன.

வள்ளங்களும் வந்தன. அன்றைக்கு வராதவன் இல்லை. எங்கேடா போகிறாய் என்று கேட்டால், தினமும் போகிற மாதிரி வெள்ளி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் இருந்தது. எவனாவது சாவுக்கு வந்தவன் மாதிரி நடந்துகொள்கிறானா என்று பார்ப்பதற்காகப் பெல்லார்மினும் தன் வள்ளத்தில் வந்திருந்தார். எஞ்சின்கள் நின்றன, விளக்குகள் அணைந்தன, மல்லாந்து படுக்கிற சத்தம் வட்டமாக ஒரு சுற்று கேட்டது.

"அப்பாவ இறக்கிருவோமா?" என்று இஞ்ஞாசி கேட்டான். கோரைப் பாய் ஓரத்தில் பிரிந்து கிழவரின் பாதம் வெளியே தெரிந்தது.

சிந்தாத்திரை அந்தப் பாதத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து வெள்ளிகளைப் பார்த்தாள். கமிட்டியும் சாமியாரும் றெஜினாளும் வழக்கம்போல வாய் திறக்காமல் மினுங்கிக்கொண்டிருந்தார்கள். இதுவரை இல்லாத ஓர் ஆத்திரம் அவளுக்கு அவற்றின் மேல் வந்தது. இத்தனை அழகாக இருந்து என்ன செய்ய? இந்த அழகு இருந்ததால்தானே இவர்களால் இவ்வளவு பக்கத்தில் வந்து, ஒரு பிணத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டு, நான் வேறு எதையோ பார்க்கிறேன் என்று சொல்ல முடிகிறது?

"பாய எறக்குங்க" என்றாள்.

"காத்து இருக்கே."

"எறக்குங்க. மாமாவ அதுல வச்சுத் தைக்கணும். இந்தக் கோரைப் பாயி நிக்காது."

"திரும்பிப் போறது எப்படிட்டி?"

"அது இங்க படுத்திருக்கிறவனுவ பாடு."

இஞ்ஞாசி அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு கயிற்றை அவிழ்த்தான். ஃபிளெக்ஸ் சடசடவென்று இறங்கி வள்ளம் முழுக்க விரிந்தது. தையலுக்கு வெளிச்சம் வேண்டும். மீன் கூட்டுவதற்காக வைத்திருந்த பெரிய பேட்டரி விளக்கைச் சிந்தாத்திரை கம்பில் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டிப் போட்டாள்.

வெள்ளை வெளிச்சம் குத்தியது. வெள்ளிகள் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோயின. கூப்பிடு தூரம் முழுவதும் வெளிச்சமாகி, மல்லாந்து படுத்திருந்தவர்களின் முகங்கள் வட்டமாகத் தெரிந்தன, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் இருந்தது. அவர்கள் பார்ப்பதற்கு இப்போது ஒரு வள்ளமும் ஒரு பிணமும் ஊசியில் நூல் கோக்கிற ஒரு பெண்ணும் தவிர வேறு எதுவும் இல்லை. ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். ஒருவன் லுங்கியைச் சரிசெய்தான். ஓரத்தில் நின்ற ஒரு வள்ளம் எஞ்சினைப் போட்டுத் திரும்பிப் போனது, இன்னொன்று போனது, அதற்கு மேல் போவதும் ஒரு பதில்தான் என்று புரிந்துவிட்டதால் மற்றவர்கள் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார்கள்.

அவள் காலிலிருந்து தைக்க ஆரம்பித்தாள். கோணி ஊசி ஃபிளெக்ஸில் ஏறும்போது ஒவ்வொரு குத்தும் கேட்டது. "அத்தை பக்கத்துல முடியல மாமா. சொன்னதச் செய்ய முடியல. ஏசணும்னா ஏசுங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கணுக்கால், முழங்கால், தொடை என்று ஏறி வந்தாள். கல்லுகளை உள்ளே வைத்து மடித்தாள். இடுப்புக்கு வந்தபோது பெல்லார்மினின் கூப்பிய கை கிழவரின் வயிற்றின் மேல் படிந்தது. நெஞ்சுக்கு வந்தபோது சங்கிலி போட்ட கழுத்து படிந்தது. இன்னும் ஒரு முழம்தான். அதற்கு மேல், மடித்தால், சிரிக்கிற அந்த முகம் கச்சிதமாகச் செத்த முகத்தின் மேல் வந்து உட்காரும். அவள் இதைத் திட்டமிட்டுச் செய்தாளா, துணியின் அளவு அப்படி அமைந்ததா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. இருபது வருஷம் ஜாக்கெட் தைத்தவளுக்குத் துணியில் எது எங்கே வரும் என்று தெரியாமல் இருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

உயிரோடு இருக்கிறவனின் முகத்தைப் பிணத்தோடு சேர்த்துக் கடலில் விட்டால் கடல் அவனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். எல்லாத் தலைகளும் மெதுவாகப் பெல்லார்மினின் வள்ளம் இருந்த பக்கம் திரும்பின. ஊசி ஏறியது. நூல் வந்தது. ஊசி ஏறியது.

"நிறுத்துட்டி."

அவள் நிறுத்தவில்லை. கழுத்தில் ஒரு தையல் போட்டாள்.

"ஏட்டி சவத்து மூதி, உன்னத்தான் சொல்லுதேன். நிறுத்து."

விலக்கு வைத்த பிறகு அந்த வீட்டோடு ஊர் பேசிய முதல் வார்த்தை அதுதான். சிந்தாத்திரை ஊசியைக் குத்திய இடத்திலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். வெளிச்சத்தின் விளிம்பில் அண்ணன் தன் வள்ளத்தின் முன்னணியத்தில் நின்றுகொண்டிருந்தார், பல் எதுவும் தெரியவில்லை.

"கோழி இங்க இல்லையே" என்றாள்.

"எம் மூஞ்சியப் பிரிச்சு எடு."

"பிரிக்கேன். இங்க வச்சுப் பிரிக்க மாட்டேன். அத்தை குழிக்குப் பக்கத்துல, வேப்பமரத்தடியில வச்சுத்தான் பிரிப்பேன். இல்லன்னா இந்தா, இன்னும் நாலு தையல்."

பெல்லார்மின் சுற்றிலும் பார்த்தார். அவர் மனதில் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் வள்ளத்துக்கு வள்ளம் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த முகங்களில் அவருக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, வெள்ளி பார்த்த பார்வைதான் இருந்தது. கிழவரின் நெஞ்சில் சுருண்டு கிடந்த தன் சிரிப்பை அவர் மறுபடியும் ஒருமுறை பார்த்தார். குனிந்தார். கயிறு அவிழ்கிற சத்தம் கேட்டது.

"பிடிச்சுத் தொல" என்றார்.

கயிறு வெளிச்சத்துக்குள் வளைந்து வந்து வள்ளத்தின் குறுக்கே விழுந்தது. இஞ்ஞாசி அதைத் தொடவில்லை. மனைவிதான் பிடித்து அணியத்துக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு எட்டி விளக்கை அணைத்தாள்.

எஞ்சின் உறுமியது, கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து இறுகியது, இருட்டில் கூப்பிடு தூரத்துக்கு அப்பாலிருந்து, பாயின் வானம் இதுவரை எட்டாத இடத்திலிருந்து, ஒருவன் "ஏல, மேல பாரு" என்று கத்துவதும் இன்னொருவன் சட்டத்தை மறந்து "அடேயப்பா" என்பதும் கேட்டன. சிந்தாத்திரை மேலே பார்க்கவில்லை. கரை வந்து சேரும்வரை முடிச்சின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவில்லை, ஏனென்றால் அண்ணனின் கயிறு எப்போது வேண்டுமானாலும் அந்தப் பக்கம் அவிழும் என்று அவளுக்குத் தெரியும்.